தேதித்தாளின் பின்பக்கம்

காலை ஒன்பது இருபதுக்கு என் மகன் சேகர் அடுத்த தோட்டத்துக்காரர்களின் மோட்டார் அறைப் பூட்டைக் கடப்பாரையால் நெம்பி உடைத்தான்.

அந்த நேரத்தில் நான் சின்னமனூரில், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், பிரார்த்தனைக்காகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தேன். பூட்டு உடைந்தது மார்க்கையன்கோட்டையில். கண்ணால் பார்க்காத எனக்கு நிமிஷம் முதற்கொண்டு தெரியக் காரணம் என் மதினி. என் அண்ணனின் மனைவி. மருமகன் கடப்பாரையைக் கீழே போடுவதற்குள் அவள் வீட்டுக்குள் போய்க் கடிகாரத்தைப் பார்த்து, சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து அன்றைய தேதித்தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் எழுதிவிட்டாள்: “9.20. சேகர் பூட்ட ஒடச்சான். வேண்டாம்னு சொன்னேன். கேக்கல.”

சொந்த மருமகன்மேல் சொந்தக் கையால் எழுதிய சாட்சி. இது நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. மதினியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்றும் எங்காவது புதுப் பூட்டு ஒன்று வெயிலில் மின்னினால் என் கண் கடிகாரத்தைத் தேடுகிறது.

சேகருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பரீட்சை எழுதி, நேர்முகத்தேர்வுக்குப் போய், ஒரு சர்க்கார் வேலைக்குத் தேர்வாகியிருந்தான். போலீஸ் விசாரணைத் தாள் ஒன்று மட்டும்தான் பாக்கி. ‘இவர்மீது வழக்கு எதுவும் இல்லை’ என்று சின்னமனூர் ஸ்டேஷனில் எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பினால் வேலை. ஒரு வழக்கு எழுதப்பட்டால் வேலை இல்லை. அந்தத் தாள் எந்த ஸ்டேஷனுக்கு வந்து மேஜையில் கிடந்ததோ, அதே ஸ்டேஷனுக்கு அன்று பத்து மணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மதினி மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். அண்ணன் செத்தபின், பிள்ளையும் இல்லாமல், எங்கள் அப்பாவின் இரண்டு ஏக்கர் வாழைத் தோட்டத்தை அவள்தான் பார்த்தாள். ஊரில் அவளுக்குத் ‘தேதிக்காரி’ என்று பெயர். மார்கழி பிறந்ததும் சின்னமனூர் உரக்கடைக்குப் போய் நிற்பாள். கடைக்காரர் வாடிக்கைக்கு ஒரு காலண்டர் கொடுப்பார். இவள் இரண்டு கேட்பாள்.

“எல்லாருக்கும் ஒண்ணு. ஒனக்கு மட்டும் என்னத்தா ரெண்டு?”

“ஒண்ணு சாமிக்கு. ஒண்ணு சாட்சிக்கு.”

சாமி காலண்டரில் தேதி கிழிப்பது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். சாட்சிக் காலண்டரின் தாள் ஒன்றும் குப்பைக்குப் போகாது. யார் எதை வாங்கினாலும், கொடுத்தாலும், வாக்குச் சொன்னாலும், அன்றைய தாள் கிழிபடும். முன்பக்கம் அச்சடித்த தேதி இருக்கிறது. பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. இதைவிட நல்ல பத்திரத்தாள் எந்த ஆபீசில் விற்கிறது என்று கேட்பாள்.

கையெழுத்து மட்டும் போட்டால் ஏற்கமாட்டாள். எதிராளி தன் கையால் ஒரு வரி எழுத வேண்டும். என்ன வரி என்பதில்தான் என் மதினி மற்ற மனிதர்களிடமிருந்து பிரிந்து போவாள்.

எங்கள் தோட்டத்தில் கிணறு கிடையாது. அடுத்த தோட்டத்தில் கிணறும் மோட்டாரும் உண்டு, ஆனால் அவர்களுக்கு ரோட்டுக்கு வர வழி கிடையாது. அந்தக் கிணற்று வீட்டுப் பெரியவரும் என் மதினியும் அறுபதுகளின் நடுவில், ஊரில் மோட்டார் வந்த புதிதில், ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எங்கள் நிலத்தின் ஓரத்தில் ஒரு வண்டி அகலத்துக்கு அவர்கள் போய்வரப் பாதை. அதற்குப் பதிலாக, செவ்வாயும் வெள்ளியும் காலை நாலு மணிநேரம் அவர்கள் கிணற்றிலிருந்து எங்கள் வாழைக்குத் தண்ணீர். வாய்ப்பேச்சுத்தான். பத்திரம் கிடையாது. இரண்டு பேரும் வெற்றிலை மாற்றிக்கொண்டதோடு சரி.

முதல் வெள்ளிக்கிழமை நானும் தோட்டத்தில் இருந்தேன். தண்ணீர் பாய்ந்து முடிந்ததும் மதினி ஒரு தேதித்தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போனாள்.

“சித்தப்பா, தண்ணி விட்டதுக்கு ஒரு எழுத்து எழுதிக் குடுங்க.”

பெரியவர் சிரித்துவிட்டு எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

“இன்னொரு வரி.”

“இன்னும் என்ன தாயி?”

“இன்னைக்கு ஒங்க வீட்டுல என்ன கொழம்பு?”

“அது எதுக்கு ஒனக்கு? சாப்பிட வாறியா?”

“எழுதுங்க, சொல்றேன்.”

அவர் ‘மொச்சைக் குழம்பு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

“கையெழுத்த ஒருத்தன் பயந்தும் போடுவான், போதையிலயும் போடுவான். வெறுந்தாள்ல வாங்கி வச்சுக்கிட்டு மேல எதையும் எழுதிக்கிறலாம். கொழம்பு அப்படி இல்ல சித்தப்பா. எவனும் கொழம்பப் பத்திப் பொய் எழுத மாட்டான். அதுல அவனுக்கு ஒரு லாபமும் இல்ல.”

“ஏ ஆத்தி! வக்கீலுக்குப் பொறந்தவளா நீ?”

“வெவசாயிக்குத்தேன். வக்கீலுக்குப் பொறந்திருந்தா ஒங்ககிட்ட ஏன் தண்ணி கேக்குறேன்?”

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் படித்தவள், டீச்சர், நாலு பேர் மதிக்கும் இடத்தில் இருப்பவள். என் மதினி போய் அடுத்த வீட்டு ஆண்பிள்ளையிடம் என்ன குழம்பு என்று எழுதி வாங்குகிறாள். மறுபடி அந்தப் பக்கம் போகும்போது நான் குனிந்த தலையோடு போனேன். பெரியவர் மட்டும் பழகிவிட்டார். பிறகு பிறகு அவரே விஸ்தாரமாக எழுத ஆரம்பித்தார். ‘கத்தரிக்காய்க் குழம்பு, உப்புக் கூடுதல்.’ ‘மீன், ஆனால் முள்ளே அதிகம்.’ ஒருநாள், ‘இன்று குழம்பு இல்லை. சண்டை.’ அந்தத் தாளை மதினி வாசித்துவிட்டு மடித்தாள். மத்தியானம் ஒரு தூக்குவாளியில் ரசம் அவர்கள் வீட்டுக்குப் போனது.

சொந்தம் என்பதற்காக என்னை விட்டுவிட்டாளா? சேகர் சின்னவனாக இருந்தபோது முழுப்பரீட்சை லீவுக்கு அவனை அவளிடம் விடப் போனேன். வாசலிலேயே தாள் வந்தது.

“எழுது தாயி.”

“என்னத்த மதினி எழுத?”

“புள்ளைய முழுசா ஒப்படைச்சேன்னு எழுது. வலது முட்டியில ஏற்கனவே ஒரு காயம் இருக்குல்ல, அதையும் சேத்து எழுது. நாளைக்கு நான் விழ வச்சேன்னு ஆயிரக்கூடாது.”

“அவன் என்ன அண்டாவா, நசுங்கலோட எழுதிக் குடுக்க?”

“அண்டா நசுங்குனா தட்டி எடுக்கலாம்டீ. எழுது.”

எழுதினேன். எங்கள் வீட்டுக் குழம்பையும் எழுதினேன். லீவு முடிந்து அவனைக் கூப்பிட வந்தபோது, முட்டிக் காயம் ஆறியிருப்பதை எனக்குத் தொட்டுக் காட்டி, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று இன்னொரு தாளில் வாங்கிக்கொண்டாள். அன்று எனக்குக் கோபம்தான். இவளுக்கு யார்மீதும் நம்பிக்கை கிடையாது என்று நினைத்தேன். அப்படி இல்லை என்று புரிய எனக்கு ஒரு போலீஸ் ஸ்டேஷன் தேவைப்பட்டது.

பெரியவர் ஒரு தை மாதத்தில் இறந்துபோனார். காரியம் முடிந்து வந்த முதல் செவ்வாய்க்கிழமை மதினி வழக்கம்போலத் தாளை நீட்டினாள். மூத்த மகன் வாங்கவில்லை. “அப்பாவோட அந்தக் கூத்து போச்சுக்கா. இனிமே எழுத்துக் கிழுத்தெல்லாம் வேண்டாம். தண்ணிதான வேணும், பாச்சிக்கோங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மதினி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“அதான் தண்ணி விடுறானே, மதினி. தாள் இல்லாட்டி என்ன?”

“எழுத மாட்டேங்குறவன் இன்னைக்குக் குடுப்பான். நாளைக்குக் குடுக்க மாட்டான். பாத்துக்க.”

சித்திரை பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை மோட்டார் அறையில் புதுப் பூட்டு தொங்கியது. கேட்டதற்கு, எங்கள் கிணறு, எங்கள் மோட்டார், எங்கள் இஷ்டம் என்று பதில் வந்தது. மூன்று முறை தண்ணீர் தவறியது. குலை தள்ளியிருந்த வாழை, வெயிலில் இலை மடங்கி நின்றது. சேகர் வேலை உத்தரவு வரும்வரை அத்தைக்கு உதவியாக அங்கேதான் இருந்தான். “பாதைய அடைச்சிருவோம் அத்தை. அப்பத் தெரியும் அவனுகளுக்கு” என்று இரண்டு நாளாகக் குதித்திருக்கிறான். மதினி ஒரே வார்த்தை சொல்லியிருக்கிறாள்: “அவுக தவறுனா நாமளும் தவறணுமா?” நாலாவது முறை, அந்தச் செவ்வாய்க்கிழமை, அவன் பாதையை அடைக்கவில்லை. பூட்டை உடைத்தான்.

பள்ளிக்கூடத்தில் பத்தே முக்காலுக்கு ஒரு டவுன் பஸ் கண்டக்டர் வகுப்பு வாசலில் வந்து நின்று, “டீச்சர், மார்க்கையன்கோட்டையில ஒரு அம்மா குடுத்து விட்டாக” என்று மடித்த தாள் ஒன்றை நீட்டினார். வேறு யார் அனுப்புவார்கள் தேதித்தாளில்? விரித்தேன். “சேகர ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போறாக. அடி இல்ல. சட்ட கிழியல. நான் பெட்டியோட போறேன். நீ வா.”

‘அடி இல்ல. சட்ட கிழியல.’ ஒப்படைத்தபோது எப்படி இருந்தான் என்று அவள் மறுபடியும் எழுதிவைத்திருக்கிறாள். இந்த முறை போலீஸுக்கு. அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நான் ஸ்டேஷன்வரை நடந்தேன். 

சேகர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, பிறகு உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டான். எதிர்ச் சுவரோரம் கிணற்று வீட்டு மூத்த மகன் வெள்ளைச் சட்டையோடு நின்றான். மதினி தரையில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே வருஷவாரியாக, வாழை நாரால் கட்டிய தேதித்தாள் கட்டுகள்.

நான் அவள் பக்கத்தில் குனிந்து, “அந்த ஒன்பது இருபது தாள மட்டும் கொடுக்காதீங்க மதினி” என்றேன். மேலாக அதுதான் கிடந்தது. முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது. என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குச் சொன்னேன்.

அவள் சத்தமாகவே பதில் சொன்னாள். “நமக்கு ஆகாதத எழுதாத ஏட்ட எவன் தாயி நம்புவான்?”

சொல்லிவிட்டு, அந்தத் தாளையே முதலில் எடுத்து சப் இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தாள்.

அவர் இளவயதுக்காரர். தஞ்சாவூர்ப் பக்கம். தாளை இரண்டு தடவை வாசித்தார்.

“ஏம்மா, உங்க மருமகன் பூட்டை உடைச்சதுக்கு நீங்களே சாட்சி எழுதிக் குடுக்கறீங்களா?”

“ஒடச்சான்யா. ஒடச்சத ஒடைக்கலன்னு எப்படி எழுத? பூட்டுப் போட்டது சரியான்னு அடுத்து கேளுங்க. அதுக்கும் தாள் இருக்கு.”

 என் மகனின் வேலை அந்த மேஜையில்தான் முடிந்துபோனது என்று நினைத்தேன். ஆனால் எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். “சரி, காட்டுங்க” என்றார். அந்த ஒரு தாளுக்காகத்தான் மற்றத் தாள்களை அவர் கையில் எடுத்தார் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது.

கட்டு கட்டாகப் பிரித்தார். ‘தண்ணீர் விட்டேன். பருப்புக் குழம்பு.’ ‘தண்ணீர் விட்டேன். கீரை. வாய்க்கு விளங்கவில்லை.’ அவர் வாசிக்க வாசிக்க, வாசல் கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்து நின்றுகொண்டார். ‘இன்று குழம்பு இல்லை. சண்டை’ என்பதை எஸ்.ஐ. வாசித்தபோது மூத்த மகன் மட்டும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பிறகு குரலைத் திருத்திக்கொண்டு சொன்னான். “சார், இதெல்லாம் இவுக வீட்டுல உக்காந்து எழுதுனது. தேதித்தாள் யார்கிட்டதேன் இல்ல? எங்கப்பா கைமாதிரி எழுத ஒரு டீச்சரும் இருக்காக.” என்னைத்தான் சொன்னான்.

மதினி நிதானமாக ஒரு கட்டை அவிழ்த்தாள். அதிலிருந்து ஒரு தாளை எடுத்து எஸ்.ஐ.யிடம் கொடுத்தாள். “இத வாசிங்கய்யா.”

‘அப்பா மதுரைக்குப் போயிருக்கிறார். தண்ணீர் விட்டோம். கருவாட்டுக் குழம்பு.’ எழுத்து வேறு. இளவட்ட எழுத்து, வலதுபக்கம் சாய்ந்து ஓடியது.

எஸ்.ஐ. ஒரு வெள்ளைத் தாளை மூத்த மகன் பக்கம் தள்ளினார். “கருவாட்டுக் குழம்புன்னு எழுதுங்க.”

“எதுக்கு சார்?”

“எழுதுங்களேன். பசிக்குது, வாசிச்சுப் பார்ப்போம்.”

அவன் எழுதினான். எழுதும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. எழுத்தை நிமிர்த்தப் பார்த்தான். கை கேட்கவில்லை. எஸ்.ஐ. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவன் பக்கமாகத் திருப்பினார்.  இவ்வளவு பெரிய வெற்றியில் ஒரு சின்ன ‘ம்’கூடக் கொட்டாதவள் என் மதினி.

ஆனால் மூத்த மகன் விஷயம் தெரிந்தவன். அமைதியாகவே சொன்னான்.

“சரி சார். ஒத்துக்கிறேன். எங்கப்பா தண்ணி விட்டாரு. நானும் விட்டேன். தாள்லயும் அதான இருக்கு? ‘விட்டேன்’னுதான இருக்கு? விதவைப் பொம்பளன்னு எரக்கப்பட்டு விட்டாரு. தர்மத்துக்கு விட்டத நிறுத்த எங்களுக்கு உரிமை இல்லையா? உரிமைக்கு விட்டேன்னு ஒரு தாள் காட்டச் சொல்லுங்க.”

எஸ்.ஐ. தாள்களை மறுபடி புரட்டினார். எல்லாவற்றிலும் ‘தண்ணீர் விட்டேன்’தான். விட்டேன், விட்டேன், விட்டேன். எதற்காக என்று ஒன்றிலும் இல்லை.

 அந்த வார்த்தை என்னுடையது.

அந்த முதல் வெள்ளிக்கிழமை, மேட்டுக்குப் போவதற்கு முன்னால், என்ன எழுதி வாங்குவது என்று மதினி என்னிடம் கேட்டாள். ‘பாதைக்குத் தண்ணி’ என்று எழுதி வாங்கப்போவதாகச் சொன்னாள். நான் சிரித்தேன். “அப்படி எழுதினா பாதைக்குத் தண்ணி தெளிக்கிற மாதிரி அர்த்தம் வரும் மதினி. ‘தண்ணீர் விட்டேன்’னு சுத்தமா எழுதச் சொல்லுங்க, போதும்” என்றேன். “டீச்சர் சொன்னாச் சரிதான்” என்று அவள் ஏற்றுக்கொண்டாள். பன்னிரண்டு பதின்மூன்று வருஷத் தாள்களிலும் என் சுத்தமான தமிழ். இலக்கணத்தில் பிழையே இல்லை. என் மகனைக் காப்பாற்ற வேண்டிய ஒரு சொல் மட்டும் இல்லை.

நான் அதை எஸ்.ஐ.யிடம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். என்ன பிரயோஜனம்? தாய் சொல்வதற்குச் சாட்சியென்று யார் மதிப்பு வைப்பார்கள்? அவர் மதினியைப் பார்த்தார்.

“பாதை விட்டதுக்குப் பதிலாத்தான் தண்ணின்னு எங்கயாவது எழுதியிருக்கீங்களாம்மா?”

“எழுதியிருக்கேன். ஒவ்வொரு மொறையும்.”

“எங்க, காட்டுங்க.”

“அது எங்கிட்ட எப்படிய்யா இருக்கும்?” மதினிக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. “தண்ணி வந்துச்சுன்னா அவுக எழுதி எங்கிட்டக் குடுப்பாக. பாதை தெறந்திருக்குன்னு நான் எழுதி அவுககிட்டக் குடுப்பேன். அவுக கை எங்கிட்ட, எங் கை அவுககிட்ட. எங் கைய நானே வச்சுக்கிட்டா அதுக்குப் பேரு சாட்சியா?”

எனக்கே அது அன்றுதான் தெரியும். இத்தனை வருஷமும், தாள் வாங்கிய ஒவ்வொரு நாளும், இவளும் சாமி காலண்டரின் தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்திருக்கிறாள். எங்கள் பக்கத்துச் சாட்சி முழுவதும் எங்களுக்கு எதிராக நிற்பவன் வீட்டுக்குள் இருக்கிறது. “மதினி!” என்றேன்.  உலகத்தில் எந்தப் புத்திசாலியும் செய்யாத காரியத்தை, நியாயம் என்று நினைத்துச் செய்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

“அப்படி ஒரு தாளும் எங்க வீட்டுல கெடையாது சார்” என்றான் மூத்த மகன்.

எஸ்.ஐ. ஒரு கான்ஸ்டபிளை சைக்கிளில் அனுப்பினார். அவர் போய்த் திரும்ப ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. “மருமகப் பொண்ணுதான் வாசல்ல நின்னுச்சு சார். தாளும் இல்ல, கீளும் இல்லேங்குது” என்றார்.

எஸ்.ஐ. என் பக்கம் திரும்பவில்லை. மேஜையில் இருந்த காகிதங்களுக்கு நடுவே சேகரின் விசாரணைத் தாளும் இருந்தது. அதன் ஓரம் எனக்குத் தெரிந்தது. “நாலு மணி வரைக்கும் பாக்கறேன் டீச்சர். அதுக்கு மேல புகாரை நான் பதிவு பண்ணித்தான் ஆகணும்” என்றார்.

மணி மூன்று. மதினி பெட்டிக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப நாரால் கட்டினாள். சேகர் அவள் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தான்.

“ஒங்க பேச்சக் கேட்டிருக்கணும் அத்தை.”

“கேக்கலன்னு எழுதிட்டேன்ல. முடிஞ்சுச்சு. இந்த முடிச்சப் பிடி.”

மூன்றரை. மூன்றே முக்கால். மூத்த மகன் வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தான். எஸ்.ஐ. பேனாவைத் திறந்து, எழுதுகிற தாளை நேராக்கினார்.

வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. அதிலிருந்து கிணற்று வீட்டு அம்மா, பெரியவரின் மனைவி, இறங்கினார். எழுபதுக்கு மேல். வெள்ளைச் சேலை. மார்போடு ஒரு மஞ்சப்பையை அணைத்துப் பிடித்திருந்தார். கான்ஸ்டபிள் கையைப் பிடிக்கப் போனபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மூன்று படியையும் தானே ஏறினார்.

“நீ எதுக்கு ஆத்தா இங்கன வந்த?” என்றான் மகன்.

அவர் அவனைப் பார்க்கவில்லை. மஞ்சப்பையை மேஜையின்மேல் கவிழ்த்தார். தேதித்தாள்கள். மங்கியவையும் புதியவையும். மண் படிந்த விரலால் மடித்த மடிப்பு. கோணல்மாணலாக, பென்சிலிலும் பேனாவிலும், மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. எஸ்.ஐ. ஒன்றை எடுத்தார். ‘பாதைக்கித் தண்ணி வந்துச்சு. வண்டி போகலாம்.’ இன்னொன்று. ‘பாதைக்கித் தண்ணி வந்துச்சு. வண்டி போகலாம்.’ எல்லாவற்றிலும் அதுவே. யாரும் திருத்தாத எழுத்து.

மேலாகக் கிடந்த மூன்று தாள்கள் புதியவை. பூட்டுத் தொங்கிய நாள்களுடையவை. அவற்றை எஸ்.ஐ. மெதுவாக வாசித்தார். ‘தண்ணி வரல. வண்டி போச்சு. நான் மறிக்கல.’

பூட்டுப் போட்டவர்கள் வீட்டு வாசலுக்கே போய், அந்த மூன்று நாளும் மதினி தாளைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. ஸ்டேஷனில் அத்தனை பேர் நடுவில் தரையில் உட்கார்ந்திருந்த அந்தப் பொம்பளை என் அண்ணன் பொண்டாட்டி என்று உரக்கச் சொல்ல வேண்டும்போல இருந்தது எனக்கு. 

எஸ்.ஐ. எழுந்து நின்று கேட்டார். “இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதான் கொண்டுவந்தீங்களாம்மா?”

“எனக்கு எழுத்துத் தெரியாது சாமி” என்றார் அந்த அம்மா. “இந்தத் தாளக் கேட்டுப் போலீசு வந்தது உள்ள எனக்குக் கேட்டுச்சு. வண்டியில வந்தேனே, அந்தப் பாதை இவளுது. எங்க தண்ணிய நிறுத்துன பெறகும் இவ அத அடைக்கல. எம் மகன் சாயங்காலம் வீட்டுக்கு வரணும்னாலும் அதுலதேன் வரணும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வரப்போறான்னு அவனக் கேட்டுட்டு, பெறகு நீங்க எழுதுறத எழுதுங்க.”